திரும்பிப்போன தவணை, தேடிவந்த கட்டணம்

பிரித்தானியாவில் யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், பிப் (PIP) போன்ற அரசு உதவிப்பணத்தை வைத்துக் குடும்பம் நடத்துபவர்களுக்கான அத்தியாயம் இது. கணக்கில் பணம் இல்லாத நாளில் டைரக்ட் டெபிட் திரும்பிப் போயிருக்கும். அல்லது மாதக்கணக்கில் ஓவர்டிராஃப்டிலேயே கிடந்து வட்டி ஏறியிருக்கும். அப்படிப் பிடிக்கப்பட்ட பணத்தை வங்கியிடம் எப்படித் திருப்பிக் கேட்பது, வங்கி மறுத்தால் எங்கே போவது, அடுத்த மாதமும் இதே கதை நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம். பெற்றோருக்காக வங்கியோடு பேசும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். "இந்தக் கட்டணம் சட்டவிரோதம்" என்று வங்கிக்கு எழுதினால் பெரும்பாலும் தோற்பீர்கள். "நான் கஷ்டத்தில் இருப்பது இன்ன தேதியிலிருந்து உங்களுக்குத் தெரியும், அதன் பிறகும் பிடித்தீர்கள்" என்று எழுதினால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். இனி வரும் எல்லா ஆலோசனையும் இந்த ஒரு தேதியைச் சுற்றியே நிற்கிறது.

முதலில் அடுத்த பணத்தைக் காப்பாற்றுங்கள்

பலர் கோபத்தில் முதலில் கடிதம் எழுத உட்காருகிறார்கள். கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்காகும். அதற்குள் அடுத்த உதவிப்பணம் அதே கணக்கில் விழும், ஓவர்டிராஃப்ட் அதை விழுங்கும். ஆகவே கடிதத்துக்கு முன் செய்யவேண்டியது, பணம் வந்து விழும் கணக்கை மாற்றுவது.

பெரிய வங்கிகள் 'பேசிக் பேங்க் அக்கவுன்ட்' என்ற அடிப்படைக் கணக்கைக் கொடுக்கின்றன. 2014 டிசம்பரில் அரசோடு செய்த உடன்பாட்டால் பிறந்த ஏற்பாடு இது; 2016 முதல் இதற்குச் சட்ட உரிமையும் உண்டு. இந்தக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் கிடையாது. டைரக்ட் டெபிட் திரும்பினாலும் வங்கி கட்டணம் பிடிக்காது. கடன் வரலாறு மோசமாக இருந்தாலும், திவாலானவராக இருந்தாலும், அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது. வங்கிக் கிளையில் இதை அவர்களாக எடுத்துச் சொல்வது குறைவு. வாய்திறந்து பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கணக்கு திறக்கும்போது இரண்டு கவனம் வேண்டும். ஒன்று, நீங்கள் கடன்பட்டிருக்கும் வங்கியிலோ அதே குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு வங்கியிலோ திறக்காதீர்கள். உங்கள் ஒரு கணக்கில் உள்ள பணத்தை எடுத்து இன்னொரு கணக்கின் கடனுக்குக் கழிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. பெயர் வேறாக இருந்தாலும் சில வங்கிகளுக்குத் தாய் நிறுவனம் ஒன்றுதான். இரண்டு, ஏழு வேலைநாளில் எல்லாவற்றையும் மாற்றித் தரும் கணக்கு மாற்றுச் சேவையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது பழைய கணக்கை மூடும் முறை. ஓவர்டிராஃப்ட் கடன் பாக்கி இருந்தால் சிக்கலாகும். புதிய கணக்கைத் திறந்து, வரவையும் செலவையும் நீங்களே ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

வரவை மாற்றும்போது ஒரு அலுவலகத்துக்குச் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். யுனிவர்சல் கிரெடிட்டை உங்கள் ஆன்லைன் கணக்கில் மாற்ற வேண்டும். பிப்புக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். சைல்டு பெனிஃபிட் வரித்துறையின் கையில் இருப்பதால் அங்கேயும் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் வரும் நாளுக்குப் பல நாள் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

புதிய கணக்கு திறப்பதற்குள் பணம் பழைய கணக்கில் விழப்போகிறது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. "இன்ன தேதியில் வரும் இவ்வளவு பணத்தை வாடகைக்கும் கவுன்சில் டாக்ஸுக்கும் மின்சாரத்துக்குமே பயன்படுத்த வேண்டும், ஓவர்டிராஃப்டுக்கோ கட்டணத்துக்கோ கழிக்கக் கூடாது" என்று வங்கிக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவுறுத்தலாம். வரவு வைக்கப்படும் பணம் எதற்குப் போகவேண்டும் என்று முதலில் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. ஒவ்வொரு வரவுக்கும் தொகையும் தேதியும் குறிப்பிட்டு எழுத வேண்டும். இதை ஓரிரு மாதத்துக்கான தற்காலிக வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஓவர்டிராஃப்ட் வசதியையே நிறுத்திவிடலாம் என்பதையும் எண்ணிப் பார்த்துச் செய்யுங்கள்.

எது யார் பிடித்தது என்று பிரியுங்கள்

ஒரு தவணை திரும்பினால் பல கைகள் உங்கள் பணத்துக்கு நீளும். யார் எதைப் பிடித்தார்கள் என்று தெரியாமல் முறைப்பாடு செய்தால், "அது நாங்கள் பிடித்ததல்ல" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும்.

வங்கியின் திருப்பிய கட்டணம்: டைரக்ட் டெபிட்டையோ ஸ்டாண்டிங் ஆர்டரையோ பணமில்லை என்று மறுத்ததற்கு வங்கி பிடிப்பது. 2009க்கு முன் இது ஒரு தடவைக்கு 30 பவுண்டைத் தாண்டியும் இருந்தது. இப்போது மிகக் குறைந்துவிட்டது. சில வங்கிகள் முற்றிலும் எடுத்துவிட்டன. மறுப்பதற்கு வங்கிக்கு உண்மையில் ஆகும் செலவுக்கு ஏற்றதாகவே இந்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் பணப்பரிமாற்றச் சேவை விதிகள்.

ஓவர்டிராஃப்ட் வட்டி: 2020 ஏப்ரல் 6 முதல் நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்ற நிலையான ஓவர்டிராஃப்ட் கட்டணங்களை எஃப்.சி.ஏ. என்ற நிதி ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. இப்போது ஒரே ஆண்டு வட்டி வீதம்தான். அனுமதி பெறாத ஓவர்டிராஃப்டுக்கு, அனுமதி பெற்றதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது. இதன் பின் பல வங்கிகள் 40 சதவீதத்தை ஒட்டிய வட்டியை வைத்தன.

கிரெடிட் கார்டு தாமதக் கட்டணம்: பொதுவாக 12 பவுண்டு. அப்போது நுகர்வோர் நலனைக் கண்காணித்த நியாய வர்த்தக அலுவலகம் 2006இல் அதற்கு மேல் போனால் தலையிடுவோம் என்று அறிவித்ததிலிருந்து நிலைத்த தொகை அது.

குறுகிய காலக் கடன் நிறுவனங்கள்: 2015 ஜனவரி 2 முதல் இவற்றுக்கு உச்சவரம்பு உண்டு. தவணை தவறினால் மொத்தமாக 15 பவுண்டுக்கு மேல் தாமதக் கட்டணம் கூடாது. வட்டியும் கட்டணமும் சேர்ந்து, வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது.

பணம் பெறவேண்டிய நிறுவனம் பிடிப்பது: காப்புறுதி, தொலைபேசி, ஜிம் போன்றவை தவணை திரும்பியதற்குத் தனியாக ஒரு தொகை போடலாம். அதை அந்த நிறுவனத்திடமே கேட்க வேண்டும்.

பணம் எங்கே ஒழுகுகிறது?

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய்க்கு 18ஆம் தேதி யுனிவர்சல் கிரெடிட் வருகிறது. 15ஆம் தேதி மின்சார டைரக்ட் டெபிட் 95 பவுண்டு. அன்று கணக்கில் 60 பவுண்டுதான் இருக்கிறது. வங்கி அதை மறுத்து 5 பவுண்டு கட்டணம் பிடித்தால் நட்டம் 5 பவுண்டு. மறுக்காமல் 35 பவுண்டைக் கூடுதலாகக் கொடுத்து 39.9 சதவீத ஆண்டு வட்டி போட்டால், மூன்று நாளுக்கு ஆகும் வட்டி 10 பென்ஸ் அளவுதான்.

இப்போது அதே தாய் இரண்டு வருடமாக 1,000 பவுண்டு ஓவர்டிராஃப்டிலேயே கிடக்கிறார் என்று வையுங்கள். மாதம் ஏறக்குறைய 28 பவுண்டு வட்டி. ஆண்டுக்கு 300 பவுண்டைத் தாண்டும். 18ஆம் தேதி பணம் வருகிறது, 22ஆம் தேதி மீண்டும் அடியில் போய் நிற்கிறது, முதல் மட்டும் குறைவதே இல்லை.

கண்ணுக்குத் தெரியும் 5 பவுண்டு எரிச்சலைத் தரும். கண்ணில் படாத 28 பவுண்டுதான் குடும்பத்தை உறிஞ்சுகிறது. முறைப்பாட்டில் இரண்டையும் எழுதுங்கள். ஆனால் கனமான வாதம் இரண்டாவதற்கே. ஏனென்றால், ஓவர்டிராஃப்டிலிருந்து எழவே முடியாமல் கிடக்கும் வாடிக்கையாளரைத் தானாகவே கண்டுபிடித்து, அவரோடு பேசி, தேவைப்பட்டால் வட்டியைக் குறைப்பது அல்லது நிறுத்துவது போன்ற உதவிகளைச் செய்யவேண்டும் என்று ஆணையத்தின் விதிகள் வங்கியிடம் எதிர்பார்க்கின்றன. நீங்கள் கேட்கும்வரை காத்திருப்பது வங்கிக்கு அழகல்ல, விதிக்கும் பொருத்தமல்ல.

"சட்டவிரோதம்" என்ற வாதம் ஏன் செத்தது

இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மாதிரிக் கடிதம் சுற்றுகிறது. "உங்கள் கட்டணம் தண்டனைக் கட்டணம், சட்டப்படி செல்லாது, ஆறு வருடப் பணத்தையும் திருப்பித் தரவும்" என்று அது சொல்லும். ஒரு காலத்தில் இதே வாதத்தோடு பல்லாயிரம் பேர் எழுதினார்கள், வங்கிகளும் வழக்கைத் தவிர்க்கப் பணத்தைக் கொடுத்தன. 2007 ஜூலையில் நியாய வர்த்தக அலுவலகம் ஏழு வங்கிகளையும் ஒரு கட்டடச் சங்கத்தையும் எதிர்த்துச் சோதனை வழக்கொன்றைத் தொடுத்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2009 நவம்பர் 25ஆம் தேதி முடிந்தது. அந்த நீதிமன்றம் வேலை தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் வங்கிகளின் பக்கம் நின்றார்கள்.

இந்தக் கட்டணங்கள், கணக்குச் சேவை முழுவதற்கும் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி. விலை கூடுதலா குறைவா என்று அப்போதைய நியாயமற்ற நிபந்தனைகள் விதிகளின்படி அலுவலகம் அளக்க முடியாது என்றது தீர்ப்பு. கட்டணங்கள் நியாயமானவை என்று நீதிமன்றம் சான்று கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய கடிதத்தின் உயிர் அன்றோடு போயிற்று. இன்று அதை அனுப்பினால், தீர்ப்பை மேற்கோள் காட்டும் ஒரு அச்சுப் பதில் வரும்.

தீர்ப்பு மூடாத கதவு ஒன்று உண்டு: பணக் கஷ்டத்தில் இருப்பவரை வங்கி எப்படி நடத்தியது என்ற கேள்வி. தவணை தவறியவரிடம் பொறுமையும் கரிசனையும் காட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் நெடுநாள் விதி. 2023 ஜூலை 31இல் நடைமுறைக்கு வந்த 'கன்ஸ்யூமர் டியூட்டி' அதை இன்னும் இறுக்கியது. வாடிக்கையாளருக்கு நல்ல விளைவு கிடைக்கும்படி வங்கி செயல்பட வேண்டும், தவிர்க்கக்கூடிய தீங்கைத் தடுக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் கடிதம் இந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

இன்னொரு வாதத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் 187ஆம் பிரிவு, அரசு உதவிப்பணத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதும் அதன்மேல் கடன் பிணை வைப்பதும் செல்லாது என்கிறது. "ஆகவே அதிலிருந்து கட்டணம் பிடிக்க முடியாது" என்று பலர் எழுதுகிறார்கள். கணக்கில் விழுந்தபின் அது சாதாரணப் பணம்தான் என்பது வங்கிகளின் பதில். கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதை மட்டும் நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். உங்கள் வருமானம் முழுவதும் உதவிப்பணம் என்ற உண்மை, சட்டப் பிரிவாக வேலை செய்வதைவிடக் கஷ்டத்துக்கு ஆதாரமாக நன்றாக வேலை செய்யும்.

கடிதத்துக்கு முன் மேசையில் இருக்கவேண்டியவை

ஸ்டேட்மென்ட்கள் முதலில். ஆப்பில் பழைய மாதங்கள் கிடைக்காவிட்டால் வங்கியிடம் கேளுங்கள். உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைத் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேட்மென்டோடு நிறுத்தாமல், உங்கள் தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளையும், ஊழியர்கள் உங்கள் கணக்கில் எழுதிவைத்த குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். "வாடிக்கையாளர் வேலை இழந்ததாகச் சொன்னார்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், நாம் தேடும் தேதி கிடைத்துவிட்டது.

அடுத்து ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, எந்தக் கட்டணம், தொகை, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நிலைமை. நான்காவது பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "பிள்ளை ஆஸ்பத்திரியில்", "முதல் யுனிவர்சல் கிரெடிட்டுக்காகக் காத்திருந்த ஐந்து வாரம்", "வேலை நேரத்தைக் குறைத்த மாதம்" என்று எழுதுங்கள். தொகையின் கதையைச் சொல்வது அந்தப் பத்திதான்.

வங்கிக்குத் தெரிந்த தேதியைத் தேடுங்கள். நீங்கள் போனில் சொன்ன நாளாக இருக்கலாம். கிளையில் அழுத நாளாக இருக்கலாம். நீங்கள் சொல்லவே இல்லை என்றாலும் ஸ்டேட்மென்ட் சொல்லியிருக்கும்: சம்பளம் நின்று உதவிப்பணம் மட்டும் வரத் தொடங்கிய மாதம், ஒரே மாதத்தில் மூன்று நான்கு தவணைகள் திரும்பிய மாதம், ஓவர்டிராஃப்டை விட்டு ஒரு நாள்கூட எழாத மாதங்கள். இவை வங்கியின் கணினியில் அப்படியே இருக்கின்றன.

கடைசியாக வரவு செலவுத் தாள். நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய ஆலோசனை அமைப்புகள் இதை இலவசமாகத் தயாரிக்க உதவும். நேஷனல் டெட்லைனின் எண் 0808 808 4000. இந்தத் தாளில் நம்மவர்கள் தடுமாறும் இடம் சீட்டு. மாதச் சீட்டுக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் படிவத்தில் கட்டம் இருக்காது. அதற்காக மறைக்காதீர்கள், ஸ்டேட்மென்டில் மாதாமாதம் ஒரே ஆளுக்குப் பணம் போவது தெரியத்தான் செய்யும். ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொன்னால், அது என்ன என்று விளக்கி எழுத அவர் உதவுவார். வாடகையும் கவுன்சில் டாக்ஸும் நிலுவையில் இருக்கும்போது சீட்டு தொடர்ந்தால் கேள்வி வரும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். உள்ளடக்கம் இப்படி அமையட்டும்:

> இது ஒரு முறைப்பாடு. கணக்கு எண்: ______
>
> ______ மாதத்திலிருந்து என் குடும்பத்தின் ஒரே வருமானம் யுனிவர்சல் கிரெடிட். ______ தேதி உங்கள் ஊழியரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அதே மாதத்திலிருந்து என் கணக்குக்கு வேறு வரவு இல்லை என்பதும் உங்கள் பதிவுகளில் தெரியும்.
>
> அதன்பிறகு ______ தேதியிலிருந்து ______ தேதி வரை, இணைப்பில் உள்ள பட்டியல்படி கட்டணமாகவும் வட்டியாகவும் ______ பவுண்டு பிடித்திருக்கிறீர்கள். இதனால் ______ (வாடகை நிலுவை, மீட்டரில் பணம் இல்லாத நாட்கள்) ஏற்பட்டது.
>
> பணக் கஷ்டத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய பொறுமையும் கரிசனையும் எனக்குக் காட்டப்படவில்லை என்று கருதுகிறேன். கன்ஸ்யூமர் டியூட்டியின்படி தவிர்க்கக்கூடிய தீங்கைத் தடுத்திருக்க வேண்டும்.
>
> நான் கேட்பவை: (1) பட்டியலில் உள்ள தொகையைத் திருப்பித் தருதல். (2) இன்று முதல் வட்டியையும் கட்டணத்தையும் நிறுத்துதல். (3) ஓவர்டிராஃப்டை மாதம் ______ பவுண்டு வீதம் அடைக்க அனுமதித்தல். (4) என்னால் முறையாகக் கையாள முடியாத தொலைபேசி அழைப்புகளுக்குப் பதிலாக எழுத்தில் தொடர்புகொள்ளுதல்.
>
> இணைப்பு: கட்டணப் பட்டியல், வரவு செலவுத் தாள், உதவிப்பணக் கடிதத்தின் நகல்.

முதல் வரியில் "முறைப்பாடு" என்ற சொல் இருக்கட்டும். அந்தச் சொல் இருந்தால்தான் வங்கியின் கால எல்லை ஓடத் தொடங்குகிறது என்பதில் தகராறு வராது. மூன்றாவது கோரிக்கையில் உங்களால் உண்மையில் முடிந்த தொகையைப் போடுங்கள். மானத்துக்காக 50 என்று எழுதி இரண்டாம் மாதமே தவறினால், சேர்த்த நல்ல பெயரெல்லாம் போய்விடும். 5 பவுண்டுதான் முடியுமென்றால் 5 பவுண்டு. வரவு செலவுத் தாள் அதை நியாயப்படுத்தும்.

பிள்ளைகள் பெற்றோருக்காகப் பேசும் வீடுகளில், மகனோ மகளோ அம்மாவின் குரலில் பேசி அடையாளக் கேள்விகளைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. முறைப்பாட்டில் அப்படிச் செய்யாதீர்கள். "என் மகள் என் சார்பில் பேசச் சம்மதிக்கிறேன்" என்று அம்மா கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதம் போதும். இல்லையேல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வங்கியிடம் கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளையை இந்த வேலைக்கு இழுக்க வேண்டாம்.

வங்கி சொல்லக்கூடிய பதில்கள்

"நிபந்தனைகளை ஏற்றுத்தானே கணக்கைத் திறந்தீர்கள்?" நிபந்தனையை நீங்கள் மறுக்கவில்லை. கஷ்டம் தெரிந்தபின் அதை உங்கள்மேல் பிரயோகித்த விதத்தைத்தான் கேட்கிறீர்கள். இதை ஒரு வரியில் திருப்பி எழுதுங்கள்.

"2009 தீர்ப்பின்படி கட்டணம் செல்லும்." தீர்ப்பு கட்டணத்தின் விலையைப் பற்றியது, உங்கள் முறைப்பாடு நடத்தப்பட்ட முறையைப் பற்றியது.

"எங்களிடம் கஷ்டம் என்று சொல்லவே இல்லையே?" ஸ்டேட்மென்டில் உள்ள அடையாளங்களைத் தேதியோடு காட்டுங்கள். இன்றைய கடிதத்தோடு சொல்லியாயிற்று என்பதையும் சேருங்கள்.

"நல்லெண்ண அடிப்படையில் 40 பவுண்டு தருகிறோம்." மகிழ்ச்சிதான். ஆனால் இதை வாங்கினால் முறைப்பாடு முடிந்ததாக ஆகுமா என்று எழுத்தில் கேட்டபின் முடிவெடுங்கள். தொகையைவிட வட்டியை நிறுத்துவது பெரிய வெற்றி என்பதை மறக்க வேண்டாம்.

மறுத்தால்: ஒம்புட்ஸ்மன்

வங்கிக்குப் பொதுவாக எட்டு வாரம் அவகாசம். பணப்பரிமாற்றச் சேவை சார்ந்த முறைப்பாடுகளுக்கு 15 வேலைநாள், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் 35 வேலைநாள். அதற்குள் இறுதிப் பதில் வந்து அது திருப்தி தராவிட்டாலோ, பதிலே வராவிட்டாலோ, நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்சியல் ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். எண் 0800 023 4567. செலவு எதுவும் இல்லை.

இரண்டு கால எல்லைகளைத் தவற விடாதீர்கள். வங்கியின் இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் பிடிக்கப்பட்டு ஆறு வருடத்துக்குள் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால், முறைப்பாட்டுக்குக் காரணம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்.

முதலில் ஒரு விசாரணையாளர் தன் கருத்தைச் சொல்வார். இரு தரப்பில் யாரேனும் ஏற்காவிட்டால் ஒம்புட்ஸ்மன் ஒருவர் இறுதி முடிவு சொல்வார். அதை நீங்கள் ஏற்றால் வங்கி கட்டுப்பட்டாக வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கும். தமிழில் பேச உதவி வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

"உங்கள் பணத்தை நாங்கள் மீட்டுத் தருகிறோம்" என்று வரும் நிறுவனங்களைத் தள்ளி வையுங்கள். 2022 மார்ச் முதல் அவர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தாலும், 1,500 பவுண்டுக்குக் குறைவாக மீட்கும் தொகையில் 30 சதவீதம் வரை அவர்கள் எடுக்கலாம். நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை அது.

கடன் பல இடத்தில் என்றால்

ஓவர்டிராஃப்டோடு கிரெடிட் கார்டு, கவுன்சில் டாக்ஸ், மின்சார நிலுவை என்று பலவும் சேர்ந்திருந்தால் ஒரு வங்கியோடு மட்டும் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், அதில் சேர்க்கப்பட்ட கடன்களுக்கு 60 நாள் வட்டியும் கட்டணமும் ஏறாது. வசூல் நடவடிக்கையும் நிற்கும். மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு அந்தச் சிகிச்சைக் காலம் முழுவதும், அதன்பின் 30 நாளும் இந்தப் பாதுகாப்பு நீளும். ஸ்காட்லாந்தில் தனிச் சட்டம்.

தேதிகளைச் சரிசெய்வது

பல தவணைகள் பணமே இல்லாததால் திரும்புவதில்லை. பணம் மூன்று நாள் கழித்து வருவதால் திரும்புகின்றன. யுனிவர்சல் கிரெடிட் மாதத்தில் ஒரே தேதியில் வரும். அது விடுமுறை நாளானால் முந்தைய வேலைநாளில் வரும். டைரக்ட் டெபிட் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தையும் அழைத்து, பணம் வரும் தேதிக்கு ஓரிரு நாள் பிந்தி மாற்றக் கேளுங்கள். வேறு எதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மாதம் ஒரு தடவை வரும் பணத்தைச் சமாளிக்க முடியவில்லை என்றால், மாதம் இரு தடவை தரும்படியும், வாடகையை நேரே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பும்படியும் யுனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கில் உள்ள உங்கள் ஜர்னலில் எழுதிக் கேட்கலாம். ஸ்காட்லாந்தில் இது நீங்கள் தேர்ந்தெடுக்கும் உரிமை. வட அயர்லாந்தில் மாதம் இரு தடவை என்பதே வழக்கமான முறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காரணம் சொல்ல வேண்டும். திரும்பிய தவணைகளின் பட்டியலே அந்தக் காரணம்.

முற்பணத்துக்காகவும் பழைய கடனுக்காகவும் யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து கழிக்கும் தொகை, 2025 ஏப்ரல் முதல் பொதுவாக அடிப்படைத் தொகையின் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 25 சதவீதம். உங்கள் கழிவுகளை ஒருமுறை சரிபாருங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் குறைக்கும்படி கேட்கலாம்.

குறுகிய காலக் கடன் நிறுவனம் உங்கள் டெபிட் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கிறது என்றால், அந்த அனுமதியை ரத்து செய்யும்படி நேரே வங்கியிடம் சொல்லலாம். "நிறுவனத்திடம் சொல்லுங்கள்" என்று வங்கி உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. ரத்து செய்வதால் கடன் மறையாது. உணவுக்கான பணம் அன்று கையில் நிற்கும், அவ்வளவுதான். மீதியைத் தவணையாக அடைக்க அந்த நிறுவனத்தோடு பேசியே ஆக வேண்டும்.

பணம் திரும்பி வந்தபின்

திருப்பித் தரும் தொகையை வங்கி ஓவர்டிராஃப்டிலேயே வரவு வைக்க விரும்பும். அதனால் கடன் குறையும், வட்டியும் குறையும் என்பதால் பலருக்கு அது நன்மையே. ஆனால் வாடகை நிலுவையில் இருந்தால், புதிய கணக்குக்கு அனுப்பும்படி காரணத்தோடு கேளுங்கள்.

பணம் வந்தால் உதவிப்பணம் நின்றுவிடுமோ என்று பயந்து சிலர் முறைப்பாடே செய்வதில்லை. யுனிவர்சல் கிரெடிட்டில் உங்கள் சேமிப்பு மொத்தம் 6,000 பவுண்டைத் தாண்டாதவரை அது கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அதற்கு அருகில் இருப்பவர்கள் மட்டும் ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

வங்கி எதையும் திருப்பித் தரவில்லை, ஒம்புட்ஸ்மனும் உங்கள் பக்கம் நிற்கவில்லை என்றாலும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். முறைப்பாட்டு எண்ணையும் கடிதத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் கஷ்டத்தில் இருக்கிறீர்கள் என்பது வங்கிக்கு எழுத்தில் தெரிந்த தேதி அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு பிடிக்கப்படும் ஒவ்வொரு பவுண்டையும் பற்றி, "எங்களுக்குத் தெரியாது" என்று வங்கியால் இனிமேல் சொல்ல முடியாது.